கைப்பிடி என் மடியில் இருந்தது

1

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி எழுதப்பட்டதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மார்க்கையன்கோட்டையில் தென்னந்தோப்போ வாழைத்தோட்டமோ, எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் வீரணனைக் கூட்டி வா என்பார்கள். சின்னமனூரில் தகரக் கொட்டகை போட்டு, எரிந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்தேன். என் மனைவி சரோஜா நர்ஸ். அவள் விசாவில்தான் அமெரிக்கா போனேன், அதை மறைக்கவில்லை. ஆனால் விமானத்தை விட்டு இறங்கிய பிறகு நடந்ததெல்லாம் என் சொந்தக் காலில். இங்கிலீஷில் தண்ணீர் கேட்கத் தெரியாதவன் ஹூஸ்டனில் குழாய் வேலை லைசென்ஸ் பரீட்சை எழுதித் தோற்றேன். மறுபடி எழுதி மறுபடி தோற்றேன். பிறகு ஜெயித்தேன். இன்று என் வேனின் இரண்டு பக்கமும் என் பெயர் இருக்கிறது. எந்த வெள்ளைக்காரர் வீட்டிலும் அடுப்படிச் சிங்க்குக்குக் கீழே தலையை விட்டால், பத்து நிமிடத்தில் நோய் என்ன என்று சொல்லிவிடுவேன். மகனை எஞ்சினியராக்கினேன். ஊரில் தம்பியைக் கைதூக்கி விட்டேன்.

இவ்வளவும் கட்டியவனைப் பற்றி ஒரே ஒரு வரி. நம் ஊர்த் திருவிழா மலரில், என் உடன்பிறந்த தம்பி முருகேசன் எழுதியது. தம்பி மகள் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வேனுக்குள் உட்கார்ந்தபடியே படித்தேன்.

“என் மகள் பிரியாவின் கையைக் காப்பாற்றியது ஆண்டவன் அருளும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் கார்த்திக்கின் நிதானமும்தான். அண்ணன், பாவம், பதற்றத்தில் வெளியே ஓடிப்போய் ஜெனரேட்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.”

பாவமாம். ஓடிப்போனேனாம்.

வேனைக் கிளப்பவில்லை. முதல் வீட்டுக்காரர் போன் அடித்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்பினேன்.

2

அன்றைக்கு என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் என் தொழில் புரிய வேண்டும்.

அமெரிக்காவில் அடுப்படிச் சிங்க்குக்குக் கீழே ஒரு மிசின் தொங்கும். டிஸ்போசல் என்பார்கள். மிஞ்சிய சோறு, காய்த்தோல், எலும்புத் துண்டு எல்லாவற்றையும் சிங்க் ஓட்டைக்குள் தள்ளித் தண்ணீரைத் திறந்து சுவிட்சைத் தட்டினால் அரைத்துக் குழாயில் அனுப்பிவிடும். உள்ளே கத்தி இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கத்தி கிடையாது. ஒரு தட்டு சுற்றும். தட்டின் மேல் இரண்டு இரும்புக் காதுகள். அவை எச்சத்தைச் சுவரில் தூக்கி எறியும், சுவர் தேங்காய் துருவி மாதிரி துருவித் தள்ளும். கத்தியாவது வெட்டிவிட்டு நிற்கும். இந்தக் காது நிற்காது.

நம்மவர்கள் வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ நரம்பு, கறிவேப்பிலைக் குச்சி என்று ஒன்று விடாமல் உள்ளே தள்ளுவார்கள். நார் தட்டைச் சுற்றிக்கொண்டு மோட்டார் உறுமும். வீட்டுக்கார அம்மா கையை விட்டு இழுக்கப் போவார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, கையை எடுங்கள்.

கரண்டோடு விளையாடக் கூடாது என்பதை எனக்கு ஹூஸ்டன் சொல்லித் தரவில்லை. நம் பக்கம் கிணற்று மோட்டார் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நடைமுறை உண்டு. மேலே மோட்டார் ரூமில் பீஸ் கட்டையைப் பிடுங்கி, வேட்டி மடியில் கட்டிக்கொண்டுதான் கிணற்றுக்குள் இறங்குவோம். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். அணைத்த சுவிட்சை இன்னொருத்தன் வந்து போடுவான். ‘தண்ணி இன்னும் வரலையே’ என்று தோட்டக்காரரே போடுவார். மடியில் இருப்பதை எவனும் போட முடியாது. கீழே இறங்கியவன் உயிர் அவன் மடியிலேயே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பீஸ் கட்டை கிடையாது. சுவரோடு பதித்த பிரேக்கர். அதைப் பிடுங்கி எங்கே கட்டுவது? முதல் வருஷம் ஒரு வீட்டில், அந்த வீட்டு வயதான அம்மாவையே பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்தேன். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் சிரிக்கவில்லை.

கார்த்திக்குக்கும் சிரிப்புத்தான். பள்ளிக்கூடத்துக்கு என் வேனில் வந்து இறங்க மாட்டான், தெரு முனையிலேயே நிறுத்தச் சொல்வான். வளர்ந்த பிறகு என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் தமிழில் கேட்டால் அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். அதற்கு மேல் இங்கே விவரிக்க விருப்பமில்லை.

3

தம்பி சின்னமனூரில் புது வீடு கட்டினான். கீழ்த்தளத்தில் அவன் மகள் பிரியாவுக்குப் பல் ஆஸ்பத்திரி, மேலே குடியிருப்பு. பிரியா பல் டாக்டருக்குப் படித்தவள். பால் காய்ச்சுகிற அன்றைக்கே ஆஸ்பத்திரியும் திறப்பு. பெரியப்பன் சீர் என்று நான் ஒரு டிஸ்போசல் மிசின் கொண்டு போனேன். நம் ஊர்க் கரண்டுக்குத் தோதான மிசினாகப் பார்த்து வாங்கினேன். அமெரிக்க மிசினை அப்படியே கொண்டுவந்து எரித்துவிடுகிற ஆள் நானில்லை.

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

“இது என்னங்க?”

“குப்பை அரைக்கிற மிசின் சார்.”

“குப்பைய அரைச்சு?”

“குழாய்ல விட்டுருவோம்.”

“இதுக்கா அமெரிக்காவுல இருந்து தூக்கிட்டு வாரீக? மோட்டார்னா வேற ரூல்ஸ். ஓரமா நில்லுங்க.”

நின்றோம். கார்த்திக் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய அதிகாரி வந்து பார்த்து, அவரும் தொட்டுப் பார்த்து, ஒரு வழியாக விட்டார்கள்.

தம்பி மனைவி ராசாத்திக்கு ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை. என்னிடம் நேரே சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “மாட்டுக்கு வைக்கிற கழனியப் போயி மிசினுக்கு வைக்கச் சொல்லுறாக. மிசினு பால் கறக்குமாக்கும்.”

கருங்கல் சிங்க்கில் ஓட்டை சின்னது. கல் அறுக்கிறவரை வைத்துப் பெரிதாக்கி, மிசினை நானே மாட்டினேன். அது சிங்க்கில் ஒரு இரும்பு வளையத்தில் தொங்கும். வளையத்தைத் திருகினால் பூட்டும், எதிர்ப்பக்கம் திருகினால் மிசின் மொத்தமாகக் கழன்று இறங்கிவிடும். இதை மனதில் வையுங்கள்.

சுவிட்ச் விஷயத்தில்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுப்படியில் ஒன்று, பின்னால் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் ஒன்று, இரண்டு சுவிட்ச் வேண்டும் என்றாள் ராசாத்தி. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் வைக்கிறோமே, அந்த மாதிரி. அப்படி வைத்தால் சுவிட்ச் மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப் என்ற கணக்கே கிடையாது. வேண்டாம் என்றேன். “பெரியவுகளுக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்” என்று சுவர் பதில் சொன்னது. ஆசாரியும் தன் பங்குக்கு, வயர் தெரிந்தால் அசிங்கம் என்று பிளக்கைப் பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார்.

4

அன்று காலையிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு வந்திருந்தது. ஓட்டுகிறவர் மொக்கராசு, நம் பக்கத்து விசேஷங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்திலேயே நின்று காது மந்தம். அவர் எஞ்சின் பழைய டீசல் எஞ்சின், கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். மொக்கராசு செய்வது இதுதான்: வீட்டு மெயினை இறக்கிவிட்டு, தன் வயரை வீட்டுக்குள் எங்கோ ஒரு பிளக்கில் சொருகிவிடுவார். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக ஆளை விட்ட கதை. கரண்ட் வீடு முழுக்கப் பரவும், ஆனால் மெயினைப் பார்த்தால் அணைந்திருக்கும்.

மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. டீசல் ஊற்ற எஞ்சினை நிறுத்தினார். ஃபேன், விளக்கு, மைக்செட் எல்லாம் நின்றன. பந்தல் துணி ஜன்னலை மறைத்திருந்ததால் அடுப்படி குகை மாதிரி இருட்டிவிட்டது. மிசினும் அரைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றது.

அந்த நேரத்தில்தான் குங்குமம் எடுக்கிற சின்ன வெள்ளிக் கரண்டி சிங்க் ஓட்டைக்குள் விழுந்தது. சீர் சாமான். மிசின்தான் ஓடவில்லையே என்று பிரியா கையை விட்டாள். வலது கை, அதில் தங்க வளையல். வளையல் ஓட்டையில் பதித்த ரப்பர் வாயைத் தாண்டி உள்ளே போய் அங்கே குறுக்காகச் சாய்ந்துகொண்டது. கையை இழுத்தால் வளையல் தடுத்தது. பதறி இழுக்க இழுக்கக் கை வீங்கியது.

“பெரியப்பா!”

நான் போய்ச் சேரும்போது அடுப்படியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பிரியா சிங்க்கில் சாய்ந்து நிற்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது. அந்தக் கையை வைத்துத்தான் அவள் பிழைக்க வேண்டும். கீழே அவள் பெயர்ப் பலகை மாலையோடு தொங்குகிறது.

“சுவிட்சு ஆஃப்ல இருக்கா?” என்றேன்.

“நான் அமத்திட்டேன் மாமா” என்றது ஒரு குரல்.

“நானும் அமத்துனேனே” என்றது இன்னொன்று.

பின்னால் பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து ராசாத்தி அலறினாள்: “இங்கனயும் ஒரு சுவிட்சு இருக்குல்ல, அதையும் தட்டிவிட்டுட்டேன்!”

யார் தட்டினார்கள், எத்தனை தடவை தட்டினார்கள், தட்டியது அணைத்ததா போட்டதா, யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லாத வீட்டில் அதைத் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. கார்த்திக் மெயினைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“மெயின் ஆஃப், அப்பா. சேஃப்.”

மெயின் ஆஃப்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கரண்ட் வரப்போவது மெயின் வழியாக இல்லை. மொக்கராசு வயரை எந்தப் பிளக்கில் சொருகியிருக்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே டீசல் ஊற்றி முடித்துக் கேனைக் கீழே வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வேறு யார் காதிலும் அது விழவில்லை.

நான் ஓடினேன். ஆமாம், ஓடினேன். அதை இல்லை என்று சொல்லவில்லை. எங்கே ஓடினேன் என்பதுதான் பேச்சு.

மொக்கராசு கைப்பிடியை மாட்டிக் குனிந்துவிட்டார். கத்தினேன், காதில் விழவில்லை. பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக் கைப்பிடியை உருவிக்கொண்டேன். வேட்டி மடிப்பில் சொருகி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“என்ன பெரியவரே, வெளையாடுறீக? பந்தி நடக்குது, குடுங்க!”

“தர மாட்டேன்.”

“அமெரிக்காவுல கைப்பிடி கெடைக்காதாக்கும்?”

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபேனைப் போடு என்று இலையிலிருந்தே சத்தம் வந்தது. மொக்கராசு அவர்களைப் பார்த்து, “கோம்பை வேட்டை நாயி கவ்வுன மாதிரி கவ்விட்டு நிக்கிறாக, நான் என்ன செய்ய” என்றார்.

ஒரு கையை மட்டும் எடுத்துக் கார்த்திக்குக்குப் போன் போட்டேன். உள்ளேயும் வெளியேயும் ஒருத்தனே நிற்க முடியாது. நான் உள்ளே போனால் இவர் வேறு கைப்பிடி தேடுவார்.

“சிங்க்குக்கு அடியில படு. மிசின் மேல ஒரு இரும்பு வளையம் இருக்கும். பாத்தியா?”

“பார்த்தேன்.”

“ஒரு கையால மிசினத் தாங்கிக்க, கனமா இருக்கும். இன்னொரு கையால வளையத்தத் திருப்பு.”

“லெஃப்டா, ரைட்டா அப்பா?”

என் தொழிலைப் பற்றி என் மகன் கேட்ட முதல் கேள்வி அது.

“படுத்திருக்கிறவனுக்கு இடது. இறுகியிருக்கும். சுத்தியல் காம்பை வளையத்துக் காதுல முட்டுக் குடுத்துத் தள்ளு. அவசரப்படாத.”

அப்போதுதான் தம்பி வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“மொக்கராசு, எஞ்சினப் போடு! உள்ள இருட்டுல ஒண்ணும் தெரியல. வெளிச்சம் இல்லாம எப்பிடி எடுக்குறது?”

“கைப்பிடிய உங்க அண்ணன்தான் வச்சிருக்காக.”

“குடுண்ணே.”

“முருகேசா, வேணாம். போன் லைட்டுல பாக்கட்டும்.”

“எம் புள்ள கை மாட்டியிருக்கு. குடுண்ணே!”

“உம் புள்ள கைக்காகத்தான்டா தர மாட்டேங்குறேன்.”

“மெயின் ஆஃப்னு கார்த்திக்கே சொல்லிட்டான். சுவிட்சும் அமத்தியாச்சு. நீ பெரிய ஆளுன்னு காட்ட இதுவா நேரம்? ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்.”

தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பித்தான் தெறித்தது. நான் தூக்கி வளர்த்தவன். பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் வீட்டுப் பங்குச் சண்டை என்று யாரோ யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடியை விடவில்லை. குனிந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அது வயிற்றில் பதிந்த தடம் ஹூஸ்டன் வந்த பிறகும் இருந்தது. போன் என் கையிலிருந்து விழுந்து மண்ணில் கிடந்தது. அதிலிருந்து கார்த்திக் குரல் வந்தது:

“அப்பா, கழண்டுருச்சு. மிசின் இறங்கிருச்சு. பிரியா விரல் எல்லாம் கீழ தெரியுது.”

நான் கீழே குனிந்து மண்ணைப் பார்த்துக் கத்தினேன்: “வளையலை நேராக்கு! கையில எண்ணெய ஊத்து! ஆத்தா பிரியா, விரல ஒண்ணாச் சேத்துக் குமிச்சுக்க, இழுக்காத, அவன் தள்ளுவான்!”

பிறகு அடுப்படியிலிருந்து பெண்கள் குரல். அழுகையா சிரிப்பா என்று முதலில் பிடிபடவில்லை. பிரியா நடந்து வெளியே வந்தாள், மணிக்கட்டில் தோல் உரிந்து எண்ணெய் வழிய. ஐந்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் கைப்பிடியை மொக்கராசுவிடம் கொடுத்தேன். “இப்பப் போடு” என்றேன்.

சுற்றினார். எஞ்சின் பிடித்தது. பந்தலில் ஃபேன் சுற்றியது. அதே நொடியில், வீட்டுக்குள், சிங்க்குக்குக் கீழே வயரில் தொங்கிக்கொண்டிருந்த மிசின் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. உள்ளே கிடந்த வெள்ளிக் கரண்டி தட்டில் அடிபட்டு அடிபட்டு அலறியது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. ஆளாளுக்குத் தட்டித் தட்டிக் கடைசியில் அது ஆனில்தான் வந்து நின்றிருக்கிறது.

எல்லோரும் கேட்டார்கள். ராசாத்தி பின்கட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். தெறித்த பித்தானை மண்ணிலிருந்து பொறுக்கி என் கையில் வைத்தான்.

5

பிரியாவைத் தேனிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை. பிரியா இப்போது பல் பிடுங்குகிறாள். அந்தக் கையால்தான் மலரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ‘அப்பா எழுதியிருக்காரு, படிச்சுட்டுக் கோவப்படாதீங்க பெரியப்பா’ என்ற குறிப்பும் கூடவே வந்தது.

தம்பிக்கு ஏன் அப்படி எழுதத் தோன்றியது என்று யோசித்துப் பார்த்தேன். பெற்ற மகள் கை உள்ளே இருக்கும்போது, எஞ்சினைப் போடு என்று சொன்னது அவன் வாய். அதை அவனால் எழுத முடியாது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதை மூடுவதற்கு என்னை ஓட வைத்தால் எப்படி?

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கார்த்திக் வீட்டுக்குப் போனேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. நானே எழுத்துக் கூட்டி அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

“யார் பண்ணா என்ன அப்பா. பிரியா கை நல்லா இருக்குல்ல” என்றான், வழக்கம்போல இங்கிலீஷில்.

“உன் பேரு இருக்கு. அதான் உனக்குப் பரவாயில்ல.”

அவன் என் கையிலிருந்த போனை வாங்கி அந்த வரியைப் பார்த்தான். பிறகு தமிழிலேயே சொன்னான்: “நீங்க வெளிய ஓடினப்போ நானும் அப்படித்தான் நினைச்சேன். பயந்துட்டு ஓடறீங்கன்னு. போன்ல பேசறப்பக்கூட அப்படித்தான் நினைச்சேன். அந்த மிசின் சத்தம் கேக்கற வரைக்கும்.”

பெற்ற மகனே அப்படி நினைத்திருந்தால், மலரைப் படிக்கிற ஊர் என்ன நினைக்கும்? அந்தச் சத்தம் கேட்டவர்கள் நூறு பேர் இருக்கலாம். மலரைப் படிக்கிறவர்கள் காதில் அது விழாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலர்க் குழுவினருக்கு என் கோரிக்கை. ‘பாவம்’ என்ற சொல்லை எடுக்க வேண்டும். ‘ஓடிப்போய்’ என்பதையும் எடுக்க வேண்டும். சாட்சி வேண்டுமென்றால் மொக்கராசுவைக் கேளுங்கள். அவருக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரியும். கார்த்திக் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவன் படுத்தான், திருப்பினான், தாங்கினான், அது அவன் பங்கு. ஆண்டவன் பங்கிலும் நான் கை வைக்கவில்லை. என் பங்கை என்னிடம் கொடுங்கள். அடுத்த மலரில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் தம்பி கையெழுத்தோடு இப்படி வர வேண்டும்:

“என் அண்ணன் வீரணன் எஞ்சின் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் கொடுக்கவில்லை.”